அப்பா கேட்ட மாலை வெயில்

சிவமயம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
ஆவணி 2008

அன்புள்ள மகள் தேவிகாவுக்கு,

முருகன் காவலில் நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனி வழியில் போகிறது. நீயும் மருமகனும் அந்த அரிசோனா அனலுக்குள் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். அனலில் இருக்கிற பிள்ளைக்காக இன்னும் ஒரு திரியைக் கொளுத்துவது சரிதானா என்று சில நேரம் யோசனை வரும், ஆனால் அதெல்லாம் சாமிக்கு விளங்கும். நீ அனுப்பிய தடித்த உறை போன மாதமே வந்துவிட்டது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் உண்டு, இதிலேயே சொல்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் உன்னோடு கதைக்கும்போது அப்பா அறைக்குள் இருக்கிற மற்றத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்திருப்பார், அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்கும், கேட்காதது போல நான் கதைத்துக்கொண்டிருப்பேன். இந்த விஷயம் அப்படிக் கதைக்கிற விஷயம் இல்லை. இன்றைக்கு அவர் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போயிருக்கிறார், உள்ளே சமதரையில் நடந்தால் முழங்காலுக்கு நல்லதாம். அவர் திரும்பி வர முதல் எழுதி முடிக்கவேண்டும்.

தை மாதம் நீ அனுப்பிய முதல் வீட்டுப் படத்தை நான் குளிரூட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். மண்ணை இடித்து இறுக்கி எழுப்புகிற தடித்த சுவர், தொப்பி போட்டது மாதிரி நாலு பக்கமும் நீண்ட கூரை, நடுவில் நிழல் மரத்தோடு முற்றம், சமைக்க வெளியில் ஒரு குசினி, உடுப்புத் தோய்த்த தண்ணீர் எலுமிச்சைக்குப் போக ஒரு குழாய், வந்து உங்களோடு இருக்கப்போகிற எங்கள் இரண்டு பேருக்கும் வடக்குப் பக்கமாகச் சின்ன யன்னலோடு ஓர் அறை. கீழே மருமகன் தன்னுடைய கோயம்புத்தூர்த் தமிழில் "அத்தை, பகல்ல எல்லாத்தையும் மூடிடுவோம், ராத்திரி திறந்து விட்டா சுவர் குளிர்ந்துக்கும், மெஷினே வேண்டாம்" என்று எழுதியிருந்தார். மாமி என்று கூப்பிட அவருக்கு இன்னும் வாய் வரவில்லை, பரவாயில்லை, சொன்ன விஷயம் நல்ல விஷயம். நிழலுக்கு மாதம் முடிய பில் வராது என்பதே எனக்குப் போதும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுச் செலவை எழுதி வைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய தத்துவம் தேவையில்லை.

இப்போது வந்த இரண்டாவது படத்தைப் பார்த்தேன். எங்கள் அறையில் மேற்குச் சுவரைக் காணவில்லை. சுவர் இருந்த இடத்தில் நிலத்திலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கீழே உன் கையெழுத்தில், அம்மாவும் அப்பாவும் ஆசைப்பட்டபடி மாற்றியிருக்கிறோம், இனி அந்தப் பக்கத்துக்கு மட்டும் குளிரூட்டும் மெஷின் பூட்டத்தான் வேண்டிவரும், புரட்டாதியில் சுவர் எழுப்பத் தொடங்கினால் பிறகு மாற்ற முடியாது, ஆனால் நீங்கள் வராமல் விடுவதைவிட இது பரவாயில்லை என்று இருந்தது. அம்மா எப்போது ஆசைப்பட்டாள் என்று அம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்கில் வெயிலைப் படித்துவிட்டு, உன் கொப்பருடைய ஒரு தொலைபேசி அழைப்புக்கு விழுந்துவிட்டீர்கள்.

படத்தைக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் விரித்தேன். அவர் பல்கனியில் பூச்சட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒளிக்கவே இல்லை. "ஓம், நான்தான் சொன்னனான். என்ரை மகளிட்டை ஒரு யன்னல் கேக்கக் கூடாதே?" என்றார். இது யன்னல் இல்லையப்பா, தேர் போகிற வாசல் என்றேன். "உமக்கென்ன தெரியும், அது மாலை வெயில்" என்றார். மாலை வெயிலைப் பற்றி உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீயும் இங்கே வளர்ந்தவள்தானே. இந்த நகரத்தில் வீடு விற்கிற விளம்பரங்களில் குசினி எப்படி என்று போடுகிறார்களோ இல்லையோ, மாலை வெயில் உண்டு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், அந்த இரண்டு சொல்லுக்காகச் சனம் விலையை ஏற்றி ஏற்றிக் கேட்கும். பங்குனி மாதம் முதல் வெயில் விழுந்தவுடன் சனமெல்லாம் கோட்டும் கையுறையும் போட்டபடி சுவரோரம் வரிசையாகக் குந்தி, கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கிக்கொண்டு இருப்பார்களே, உங்கள் கூரையில் பூட்டப்போகிற, வெயிலில் மின்சாரம் எடுக்கிற தகடுகள் மாதிரி. அந்த வரிசையில் சில வருடமாக உன் அப்பாவும் ஒருவர். அதே மாலை வெயிலைத்தான் பாலைவனத்திலும் வேண்டும் என்கிறார், மழை நாட்டுக்குப் போகிறவன் கூரைத் தண்ணீர் கொட்ட வீட்டுக்குள்ளே பீலி பூட்டச் சொன்னதுபோல.

நான் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிப் பார்த்தேன். சூரிய பகவானை நானும் தினமும் கும்பிடுகிறவள்தான். ஆனால் சாமி என்பதற்காக மூலஸ்தானத்துக்குள்ளே புகுந்து கட்டிப்பிடிக்கிறோமா, வாசலில் நின்றுதானே கும்பிடுகிறோம் என்றேன். அவர் அடுத்த நாளே கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டுவந்தார், மேற்குப் பக்கம் யன்னல் வைத்தால் தோஷமில்லையாம். கம்பளித் தொப்பியோடு பூசை செய்கிற ஐயரிடம் போய் வெயிலைக் கேட்டால் வேறென்ன சொல்வார். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே பிடி பிடித்தார்: "யன்னல் இல்லாட்டி நான் வரேல்லை. இஞ்சையே கிடக்கிறன். விழுந்தால் விழுறன்." இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். போன மாசியில் ரயில் நிலையத்துப் படிக்குக் கீழே பனிக்கட்டியில் அவர் விழுந்து கிடந்ததையும், சூடான, ஈரமில்லாத இடத்துக்குப் போனால் மூட்டுக்கு நல்லது என்று டொக்டர் சொன்னதையும் நீ மறந்திருக்க மாட்டாய். இன்னொரு பனிக்காலத்தை அந்த முழங்கால் தாங்காது. கண்ணாடி வைத்தால் உங்கள் வீடு கெடும், வைக்காவிட்டால் மனிதர் வரமாட்டார். நீ ஏன் விழுந்தாய் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சண்டை பிடித்து அவரை மாற்றியவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை, ஆகவே நான் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் கட்டடத்துப் பல்கனிகளுக்கெல்லாம் போன வருடம் கண்ணாடி அடைத்தார்கள், உனக்குத் தெரியும், கூட்டத்தில் முதலில் கை தூக்கினவர் உன் அப்பாதான். எங்களுடையது மேற்குப் பார்த்தது. ஆடி மாதம் இங்கே வழக்கமில்லாத வெயில் எறித்தது. நான் சொன்னேன், சரி, நீங்கள் சொல்லுகிற மாதிரியே ஆகட்டும், ஆனால் அங்கே போய்ப் பழகுவதைவிட இங்கேயே கொஞ்சம் பழகிப் பார்ப்போம், இதுதான் உங்களுடைய அரிசோனா அறை. அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீரே, இப்பதான் உமக்கு விளங்குது" என்று தானே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். கதிரை, வானொலி, தண்ணீர்ச் செம்பு எல்லாம் கொண்டுபோய் வைத்தேன். சாப்பாடும் அங்கேதான். பல்கனிக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கலாமே என்று நீ நினைப்பாய். உன் படத்தில் இருக்கிறது திறக்காத கண்ணாடி, ஆகவே இதையும் நான் திறக்க விடவில்லை. ஒத்திகை என்றால் ஒத்திகைதான்.

முதல் நாள் "என்ன வெளிச்சம், என்ன வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் வெளிச்சத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் அந்த இடத்தை வீணாக்காமல் மோர்மிளகாயும் வடகமும் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பரப்பினேன். இந்த நாட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் நான் மோர்மிளகாய் காயவைத்தது இதுதான் முதல் தடவை, இரண்டு நாளில் முறுகிவிட்டது, உன் அப்பாவும் கிட்டத்தட்ட அந்தப் பதத்துக்கு வந்திருந்தார். ஆனால் கேட்டால் சுகமாம். "சோக்கான சூடு, மூட்டுக்கெல்லாம் இறங்குது" என்று சொல்லிச் சொல்லித் துவாயால் கழுத்தைத் துடைத்தார். ரொம்சோஸிலிருந்து சூசைரட்ணம் அண்ணை பார்க்க வந்தார், அப்பாவோடு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தவர், யன்னல் விஷயத்தில் இவருக்கு உரு ஏற்றிவிட்டவரும் அவர்தான், ஸ்பெயினுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவருக்கு வெயில் ஒரு கட்சி. அவரையும் அரிசோனா அறையில் இருத்திக் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் கொடுத்தேன். "மச்சான், நல்ல அறையடாப்பா" என்று தொடங்கினார். அவர் கொண்டுவந்த சொக்கலேட் பெட்டி மேசையில் இருந்தபடியே களியாகிவிட்டது. தேத்தண்ணீர் பாதியில் இருக்க எழும்பி, "தங்கச்சி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் தன்னுடைய காரில் வந்தவர்.

அதற்குப் பிறகு அப்பாவில் ஒரு மாற்றம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டவுடன், கீழ்த்தளத்துச் சாமான் அறையைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று இறங்கிப் போவார், வெயில் மரங்களுக்குப் பின்னால் போன பிறகுதான் ஏறி வருவார். இத்தனை வருடமாக நான் கத்தியும் அந்த அறையில் ஒரு பெட்டியை நகர்த்தாதவர். முழங்கால் நோ உள்ள மனிதர் படி இறங்கி வேலை செய்கிறாரே என்று நானும் முதலில் பெருமைப்பட்டேன். பிறகு ஒரு நாள் மேல்வீட்டு குன்வோர் கேக்கோடு வந்து மணி அடித்தாள். உனக்கு ஞாபகமிருக்கும், உனக்குச் சின்னனில் கம்பளிக் காலுறை பின்னித் தந்தவள். வாசலில் நின்றே குரலைத் தாழ்த்தி, நீங்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். உன் கணவர் ஒவ்வொரு நாளும் கீழே நிலவறையில் தனிய இருக்கிறார், நான் சலவைக்குப் போகும்போதெல்லாம் காண்கிறேன், எனக்கும் இரண்டு தடவை நடந்ததுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். அதோடு விடவில்லை, தன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அவர் வந்து இருக்கலாம், ஆனால் அதற்கு மாலை வெயில் வராது, மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள். அவள் கேக்கை நான் நல்லபடி வாங்கிக்கொண்டு, எங்கள் குடும்பம் முருகன் அருளால் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன்.

சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யன்னல் என்று பெயருக்கும் இல்லை, ஒரு மின்குமிழ் மட்டும். உன் பழைய பனிச்சறுக்குத் தடிகளுக்கும் பயணப் பெட்டிகளுக்கும் நடுவில் மடக்குக் கதிரையைப் போட்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குளிர்ந்த சீமெந்துத் தரையில் காலை நீட்டியபடி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார் மேற்குக் கண்ணாடி கேட்ட மனிதர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மா, சாமான் பாக்க வந்தனான்" என்றார். என்ன சாமான் என்றேன். சுற்றிவரப் பார்த்துவிட்டு, "தடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ரோசம் வந்து கண்ணாடியை இன்னும் ஒரு முழம் அகலமாகக் கேட்பார் என்று அடக்கிக்கொண்டு பெட்டி ஒன்றின் மேல் இருந்தேன். நல்ல குளிர்மைதான் என்று சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

"குளிர்மைதான் மலர். ஆனா இதுக்குள்ளை வாழேலாது" என்றார். ஏன் என்றேன். "இருவது வருசத்துக்கு மேலை ஆஸ்பத்திரிக்குக் கீழை, நிலவறைக் குசினிக்குள்ளை நிண்டனான். வெளியிலை மழையோ வெயிலோ எண்டு, சாப்பாட்டு வண்டில் தள்ளிக்கொண்டு வாற பெடியளின்ரை சப்பாத்தைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். பிள்ளை தான் கட்டுற வீட்டிலை எங்களுக்கு வடக்குப் பக்கமாச் சின்ன யன்னலோடை ஓர் அறை எண்டு கீறி அனுப்ப, எனக்கு அந்தக் குசினிதான் கண்ணுக்கு முன்னாலை வந்தது. அதை அவளிட்டை எப்பிடிச் சொல்லுறது? வெயில் வேணுமெண்டு சொன்னால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம் எண்டு சொன்னனான்" என்றார். தேவிகா, நான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் என்று நீதான் சொல்லுவாய். அந்த இடத்தில் நான் கேள்விதான் கேட்டேன். அப்படியென்றால் யன்னலால் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்றேன். "ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு தெரிஞ்சாப் போதும். பிள்ளை முற்றத்திலை நிண்டு கதைக்கிறது கேட்டாப் போதும்" என்றார்.

ஆகவே மகளே, சுவர் எழுப்ப முதல் இதைக் கவனமாக வாசி. மேற்குச் சுவர் நீங்கள் முதல் கீறினபடியே மொத்தமாக, ஒரு ஓட்டை இல்லாமல் வரட்டும். வடக்குச் சின்ன யன்னலும் இருக்கட்டும், இரவுக் காற்றுக்கு வேண்டும். ஆனால் முற்றத்துப் பக்கமாக, விறாந்தைக் கூரை நன்றாக மறைக்கிற இடத்தில் இன்னொரு யன்னல் வை. அதை உயரத்தில் வைக்காதே, அவர் கதிரையில் இருந்தாலும் கட்டிலில் படுத்தாலும் முற்றமும் வெளிவாசலும் தெரிகிற அளவுக்குப் பதித்து வை. அங்கே வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும் என்று நான் படத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், நீயும் மருமகனும் உங்கள் கணினியில் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு கிழக்குப் பக்கம் வெளியே, ஒரு கதிரை போடக் கொஞ்சத் தளம். காலையில் சூடு ஏற முதல் அவர் அங்கே இருந்து முழங்காலுக்கு வெயில் காட்டட்டும், அந்த ஊர்ப் பனிக்காலத்தில் விரும்பினால் பகல் முழுக்க இருக்கட்டும். வெயிலுக்கு வெளியில் இடம், மனிதருக்கு உள்ளே நிழல், இதுதானே நீங்கள் முதலில் எழுதியனுப்பியது. அந்தத் தளத்தில் நீ உடுப்புக் கொடி கட்டினால் அதற்கு ஒரு தனிச் சண்டை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவும் நடந்து முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் உன் அப்பாவை உனக்குத் தெரியும். முந்தநாள் இரவு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, அந்தக் கண்ணாடி விஷயத்தை நல்லாய் யோசித்தேன் என்று தொடங்கினார். "அவ்வளவு பெரிய கண்ணாடி. பாலைவனத்துப் புழுதி. ஆர் துடைக்கிறது? உமக்கு நாரி நோ வேறை, குனிஞ்சு நிமிரேலாது. உமக்காகத்தான் மலர், நான் அதை விடுறன்" என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உங்களுக்குக் கவலை இல்லையே என்று கேட்டேன். "கவலைதான். என்ன செய்யிறது, குடும்பம் எண்டால் விட்டுக் குடுக்கத்தானே வேணும்" என்று இன்னும் ஒரு கரண்டி சம்பல் போட்டுக்கொண்டார். சாமான் அறையில் கதைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை, நானும் எடுக்கவில்லை. எனக்காக ஒரு சுவரையே தியாகம் செய்த மனிதருக்கு நன்றி சொன்னேன்.

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்குத் தொலைபேசி எடுப்பார், அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிடும். அம்மாவின் நாரிக்காகக் கண்ணாடியை விடச்சொல்லிக் கேட்பார். நீ உடனே ஓம் என்று சொல்லிவிடாதே. படம் எல்லாம் கீறி முடிந்துவிட்டதே அப்பா, மாற்றுவது கஷ்டமே என்று கொஞ்சம் இழு. அவர் இரண்டாம் தரம் வற்புறுத்தட்டும். பிறகு, நீங்கள் சொன்னால் சரி என்று மனமில்லாத மாதிரிச் சம்மதி. முற்றத்து யன்னலையும் கிழக்குத் தளத்தையும் நீயே யோசித்ததாகச் சொல், நான் எழுதினேன் என்று தெரியவேண்டாம். நிலவறைக் குசினி பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, அவர் தானாகச் சொல்லும் வரைக்கும் தெரியாமலே இருக்கட்டும். மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவருக்குச் சிரிப்பு அடக்கத் தெரியாது, அவர் சிரித்தால் நாங்கள் எல்லாரும் கண்ணாடிக்குள்தான் சீவிக்கவேண்டும்.

மற்றப்படி, வெளியில் கட்டில் போட்டுப் படுப்போம் என்று எழுதியிருந்தாய், நல்லது, ஆனால் படுக்க முதல் விரிப்பை உதறாமல் படுக்கவேண்டாம், தேள் இருக்கிற ஊர். எலுமிச்சைக்குப் போகிற தண்ணீரில் கண்ட கண்ட சவர்க்காரத்தைக் கலக்காதே. அடுப்புக்கு இடம் குறிக்க முதல் சாமிக்கு இடம் குறித்துவை, வெளிக்குசினிக் காற்றில் விளக்கு அணையாத மூலையாகப் பார். சுவர் எழுப்புகிற நாளில் ஒரு தேங்காயாவது உடைத்துத் தொடங்குங்கள். கார்த்திகைக்கு முதல், இங்கே பனி கொட்ட முதல், வருகிற மாதிரி விமான ரிக்கட் பார்க்கிறேன், வீடு முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இதோ வாசலில் சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார். கடிதத்தை மடித்து மடிக்குள் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ஸ்ட்ரோம்மனில் கோடை முடிந்து மலிவு விற்பனையாம், அகன்ற விளிம்புள்ள தொப்பி இரண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்று எனக்காம். "அங்கை வெயில் சரியான பொல்லாதது மலர், உமக்குப் பழக்கமில்லை, கவனமா இருக்கவேணும்" என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் ஓம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவரும் போட்டுக்கொண்டு இப்போது முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார்.

முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளையும், கட்டுகிற சுவருக்கு உறுதியையும் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே, இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் சம்மதம்.

என்றும் உன் நலமே வேண்டும்
அம்மா
சி. புஷ்பமலர்